துறைகளின் சிறிய தரவுத்தளங்களை நூலகம் இணையத்தில் ஏற்றுவது எப்படி?

தருமபுரி பக்கம் ஒரு பல்கலைக்கழக மையத்தின் நூலகர் கேட்டிருக்கும் கேள்வி இது. அவர்களுடைய வரலாற்றுத் துறையிடம் நடுகற்களின் பட்டியல் ஒன்று எம்எஸ் ஆக்சஸில் இருக்கிறது. தாவரவியல் துறை தன் உலர்தாவரத் தொகுப்பை எக்செல்லில் வைத்திருக்கிறது. வேதியியல் துறையின் கிணற்றுநீர்ப் பரிசோதனை முடிவுகள் ஃபாக்ஸ்ப்ரோ என்ற பழைய தரவுத்தள மென்பொருளில் கிடக்கின்றன. தமிழ்த் துறையிடம் நாட்டுப்புறப் பாடல் பதிவுகளின் அட்டவணை. எல்லாம் சேர்ந்தாலும் சில ஆயிரம் பதிவுகளைத் தாண்டாது. "இதையெல்லாம் நூலக வலைத்தளத்தில் போட்டுவிடுங்கள்" என்று மேலிடத்தில் சொல்லிவிட்டார்கள். எந்த மென்பொருளை எடுப்பது, எம்.சி.ஏ. மாணவர்களின் புராஜெக்டாகச் செய்யக் கொடுத்துவிடலாமா, ஒற்றை ஆளாக இருக்கும் நூலகரால் இது ஆகிற காரியமா என்று கேட்கிறார்.

ஆகிற காரியம்தான். ஆனால் மென்பொருள் கேள்வியைக் கடைசிக்குத் தள்ளுங்கள். இந்த நான்கு தரவுத்தளங்களும் இத்தனை வருடம் துறைக்குள்ளேயே முடங்கிக் கிடந்ததற்குக் காரணம் இணையம் இல்லாதது இல்லை. தரவு ஒரு மென்பொருளுக்குள்ளும், அதன் பொருள் ஒரே ஒரு பேராசிரியரின் நினைவுக்குள்ளும் அடைபட்டுக் கிடந்ததுதான் காரணம். அந்த இரண்டு இடத்திலிருந்தும் தரவை வெளியே எடுத்துவிட்டால் இணையத்தில் ஏற்றுவது சில வார வேலை. எடுக்காமல் ஏற்றினால் அடைபடும் இடம் மாறும், அவ்வளவுதான்.

எம்.சி.ஏ. புராஜெக்ட் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பெரும்பாலான கல்லூரிகள் அந்த வழியில்தான் போகின்றன. மாணவர்கள் ஆர்வமாகச் செய்வார்கள். பிஹெச்பி, மைஎஸ்க்யூஎல், லாகின் பக்கம், வண்ணமயமான முகப்பு எல்லாம் வந்துவிடும். மே மாதம் அவர்கள் படிப்பை முடித்துப் பெங்களூருக்கோ ஓசூருக்கோ வேலைக்குப் போய்விடுவார்கள். அடுத்த வருடம் சர்வரில் பிஹெச்பி பதிப்பு மாறும்போது பக்கம் வெள்ளையாகத் திறக்கும். நிர்வாகிக் கடவுச்சொல் யாரிடம் இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. இதைவிட மோசம், தேடல் பெட்டியில் எதைத் தட்டினாலும் அப்படியே தரவுத்தளத்துக்குள் அனுப்பும் நிரல் என்றால் வெளியாள் உள்ளே புக அதுவே வழி. அரசுத் தரவு மையங்களில் இடம் கேட்டால் பாதுகாப்புத் தணிக்கைச் சான்று கேட்பார்கள். அந்தப் பழைய நிரல் அதில் தேறாது. மாணவர்களின் உழைப்பு வேண்டாம் என்று சொல்லவில்லை. தரவைச் சுத்தம் செய்வது, ஊர்ப்பெயர் சரிபார்ப்பது, படம் எடுப்பது, பழைய பதிவேட்டோடு ஒப்பிடுவது ஆகியவற்றில் அவர்களை ஈடுபடுத்துங்கள். அவர்கள் போன பிறகும் அந்த வேலை நிலைத்து நிற்கும்.

சரி, எதில் ஆரம்பிப்பது? சுலபமானதிலும் வேண்டாம், அழகானதிலும் வேண்டாம். எந்தத் தரவுத்தளத்தை உருவாக்கியவர் முதலில் ஓய்வு பெறப்போகிறாரோ அதில் ஆரம்பியுங்கள். ஃபாக்ஸ்ப்ரோ கோப்பில் ஒரு பத்தியின் (column) பெயர் பத்து எழுத்தைத் தாண்ட முடியாது. அதனால் எல்லாவற்றையும் சுருக்கி எழுதியிருப்பார்கள். கிணற்று வகைக்கு 1, 2, 3 என்று குறியீடு இருக்கும். 3 என்றால் ஆழ்துளைக் கிணறா, கைப்பம்பா என்பது அவர் ஒருவருக்குத்தான் தெரியும். ஒரு பத்தியில் 9.9 என்ற எண் அடிக்கடி வரும். அது அளவா, "சோதிக்கவில்லை" என்பதற்கு அவர் வைத்துக்கொண்ட அடையாளமா? இந்த விவரம் எந்தக் கோப்பிலும் எழுதப்பட்டிருக்காது. ஒரு மதியம் அவரோடு உட்காருங்கள், கைபேசியில் ஒலிப்பதிவைப் போட்டுவிட்டு ஒவ்வொரு பத்தியாகக் கேளுங்கள். பெயர் என்ன, எதைக் குறிக்கிறது, எந்த அலகு, காலியாக இருந்தால் என்ன அர்த்தம், எந்த வருடத்திலிருந்து எந்த வருடம் வரை, யார் களத்துக்குப் போனார்கள், எந்தப் பதிவேட்டிலிருந்து தட்டச்சு செய்தார்கள். அதைக் கேட்டு இரண்டு பக்கத்தில் விளக்கக் குறிப்பு எழுதி அவரிடமே காட்டித் திருத்திக்கொள்ளுங்கள். இந்த வேலை முழுவதிலும் எனக்கு மிக முக்கியமாகப் படுவது இந்த இரண்டு பக்கம்தான். தரவு தொலைந்தால்கூடத் திரும்பக் களத்துக்குப் போய் ஓரளவு சேகரிக்கலாம். குறியீட்டின் பொருள் தொலைந்தால் இருக்கிற தரவும் பயன்படாது.

அடுத்து கோப்புகள். அசலைத் தொடாதீர்கள். அப்படியே ஒரு நகல் எடுத்து, தேதியிட்டு, திறக்காமல் வைத்துவிடுங்கள். ஃபாக்ஸ்ப்ரோவை எடுக்கும்போது டிபிஎஃப் கோப்பை மட்டும் எடுத்தால் போதாது. நீண்ட குறிப்புகள் எஃப்பிடி என்ற தனிக் கோப்பில் இருக்கும், அதே பெயரில் பக்கத்திலேயே இருக்கும், அதையும் சேர்த்து எடுக்க வேண்டும். மைக்ரோசாஃப்ட் ஃபாக்ஸ்ப்ரோவுக்கான ஆதரவை 2015 ஜனவரியில் நிறுத்திவிட்டது. ஆனாலும் டிபிஎஃப் கோப்பை லிப்ரேஆபீஸ் இன்றைக்கும் திறக்கும். ஆக்சஸின் பழைய எம்டிபி வடிவத்தை லினக்ஸில் எம்டிபி டூல்ஸ் என்ற இலவசக் கருவி அட்டவணை அட்டவணையாகப் பிரித்துத் தரும். அந்தக் காலத்து நூலக மென்பொருளான வின்ஐசிஸில் ஏதாவது துறை நூலகப் பட்டியல் கிடைத்தால், நூற்பதிவுகளைப் பரிமாறும் ஐஎஸ்ஓ 2709 வடிவில் ஏற்றுமதி செய்து எடுக்கலாம். எல்லாம் போய்ச் சேர வேண்டிய இடம் ஒன்றுதான். யூனிகோடின் யுடிஎஃப்-8 குறியேற்றத்தில் ஒரு சிஎஸ்வி கோப்பு, அதாவது கட்டங்களைக் காற்புள்ளியால் பிரித்த வெறும் உரைக் கோப்பு. நோட்பேடில்கூடத் திறந்து படிக்கலாம், எந்தக் கம்பெனியின் தயவும் வேண்டாம்.

இந்த இடத்தில் தமிழ்த் தரவுக்கென்றே ஒரு கண்ணிவெடி இருக்கிறது. யூனிகோடுக்கு முந்தைய எழுத்துருக்களில் தட்டச்சு செய்தவை இரண்டு வகை. டாப், டிஸ்கி போன்ற இருமொழிக் குறியேற்றங்களில் ஆங்கில எழுத்துகள் அவற்றின் இடத்திலேயே இருக்கும், தமிழ் குறி அட்டவணையின் மேல் பாதியில் இருக்கும். ஒரே கட்டத்தில் தமிழும் ஆங்கிலமும் கலந்திருந்தாலும் மாற்றி நிரல் சரியாக மாற்றிவிடும். பாமினி மாதிரியானவற்றில் ஆங்கில எழுத்துகளின் இடத்திலேயே தமிழை உட்கார வைத்திருப்பார்கள். அங்கே எது தமிழ், எது ஆங்கிலம் என்று தெரிவது அந்தக் கட்டத்துக்குக் கொடுத்திருக்கும் எழுத்துருப் பெயரை வைத்துத்தான். சிஎஸ்வியாக ஏற்றுமதி செய்த நொடியில் அந்த எழுத்துருப் பெயர் போய்விடும். அதன்பிறகு தாவரத்தின் லத்தீன் பெயரும் அதன் தமிழ்ப் பெயரும் ஒன்றுபோலவே ஆங்கில எழுத்துகளாகத் தெரியும். மொத்தமாக மாற்றி நிரலில் போட்டால் தமிழ்ப் பெயர் சரியாக வரும், லத்தீன் பெயர் அர்த்தமில்லாத தமிழ் எழுத்துகளாகிவிடும். அதனால் எக்செல்லுக்குள் இருக்கும்போதே ஒவ்வொரு பத்தியும் எந்த எழுத்துருவில் இருக்கிறது என்று எழுதி வைத்துக்கொண்டு, தமிழ்ப் பத்திகளை மட்டும் தனித்தனியாக மாற்றுங்கள். ஒரே பத்தியில் இரண்டும் கலந்திருந்தால் முதலில் இரண்டு பத்தியாகப் பிரியுங்கள். தமிழ்நாடு அரசு யூனிகோடையும், டேஸ்-16 என்ற தமிழ் அனைத்து எழுத்துக் குறியேற்றத்தையும் தன் தரமாக அறிவித்தது 2010இல். ஆகவே அதற்கு முந்தைய கோப்பு எதுவானாலும் இந்தச் சோதனை இல்லாமல் உள்ளே விடாதீர்கள்.

யூனிகோடுக்கு வந்த பிறகும் முழுதாக ஓய முடியாது. "கொ" என்பதில் வரும் கொம்பையும் காலையும் ஒரே குறியாகவும் சேமிக்கலாம், இரண்டு குறிகளாகவும் சேமிக்கலாம். திரையில் வித்தியாசம் தெரியாது, தேடினால் கிடைக்காது. என்எஃப்சி என்ற ஒழுங்குபடுத்தலை ஒருமுறை ஓட்டினால் இது தீரும். ஸ்ரீ என்ற எழுத்தை ஸகரத்தில் தொடங்கியும் எழுதலாம், 2005இல் யூனிகோடில் சேர்ந்த ஶகரத்தில் தொடங்கியும் எழுதலாம். இதை என்எஃப்சி சரிசெய்யாது, நீங்களே தேடி ஒன்றாக்க வேண்டும். "ஔ" என்ற ஒற்றை எழுத்துக்குப் பதில் ஒகரமும் ளகரமும் போட்டிருப்பார்கள். அகரவரிசைக்கும் ஒரு வார்த்தை: யூனிகோடு எண் வரிசைப்படி அடுக்கினால் நகரத்தை அடுத்து னகரமும், ரகரத்தை அடுத்து றகரமும் வரும், நம் நெடுங்கணக்கு வரிசை வராது. தரவுத்தளத்தில் தமிழ் வரிசை விதியைத் தேர்ந்தெடுத்தால் சரியாகிவிடும்.

எக்செல் செய்யும் சேதம் வேறு வகை. 12/3 என்ற சர்வே எண்ணை அது தேதியாக மாற்றிவிடும். முன்னால் பூஜ்யம் உள்ள எண்ணில் பூஜ்யத்தைத் தின்றுவிடும். 1900க்கு முந்தைய தேதியை அது தேதியாகவே ஏற்காது. கோப்பைத் திறக்கும்போதே எல்லாப் பத்திகளையும் "உரை" என்று சொல்லித் திறக்க வேண்டும். ஏற்கெனவே கெட்டுப்போன எண்களைக் கணினியால் மீட்க முடியாது, பழைய காகிதப் பதிவேடு வேண்டும். அந்தப் பதிவேட்டையும் ஸ்கேன் செய்து தரவோடு சேர்த்தே வையுங்கள்.

இப்போது ஊர்ப்பெயருக்கு வருவோம். நம் வட்டாரத்தில் இதற்கு இரட்டிப்புக் கவனம் வேண்டும். சேலம் மாவட்டத்திலிருந்து தருமபுரி பிரிந்தது 1965 அக்டோபர் 2. அதிலிருந்து கிருஷ்ணகிரி பிரிந்தது 2004 பிப்ரவரி 9. ஆக 1990களில் தட்டச்சு செய்த பதிவில் "தருமபுரி மாவட்டம், ஊத்தங்கரை வட்டம்" என்றிருந்தால் அது பிழை இல்லை, அன்றைக்கு அதுதான் சரி. அதை அழித்துவிட்டுக் கிருஷ்ணகிரி என்று மாற்றினால், மூல நூலோடு ஒப்பிடும் ஆய்வாளர் தடுமாறுவார். மாற்றாமல் விட்டால், கிருஷ்ணகிரி என்று தேடுகிற மாணவருக்கு ஓசூர், தேன்கனிக்கோட்டைப் பதிவுகள் ஒன்றும் வராது. இரண்டு பத்தி வையுங்கள். பதிவு செய்த அன்று இருந்த மாவட்டமும் வட்டமும் ஒன்று, இன்றைய மாவட்டமும் வட்டமும் ஒன்று. மத்திய பஞ்சாயத்து ராஜ் அமைச்சகத்தின் எல்.ஜி.டி. என்ற உள்ளாட்சி அடைவில் ஒவ்வொரு கிராமத்துக்கும் ஒரு எண் உண்டு, அதையும் சேர்த்துவிட்டால் அடுத்த முறை எல்லை மாறினாலும் கவலை இல்லை. தருமபுரி, தர்மபுரி என்றும், கிருஷ்ணகிரி, கிருட்டிணகிரி என்றும் எழுதுவது போல ஒவ்வொரு ஊருக்கும் இரண்டு மூன்று எழுத்து வழக்கு இருக்கும். மாற்று வடிவங்களை ஒரு தனிப் பத்தியில் கொடுத்துவிடுங்கள், தேடல் அதையும் பார்க்கட்டும். விவரக் குறிப்புக்குள் "பாலக்கோட்டில்", "அரூருக்கு" என்று வேற்றுமை உருபோடு வரும் பெயரை "பாலக்கோடு" என்று தேடுகிறவர் பிடிக்க மாட்டார். ஊருக்குத் தனிப்பத்தி கட்டாயம் என்று நான் சொல்வதற்கு இதுவும் காரணம்.

நடுகல் பட்டியலைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல ஆசை. தருமபுரி, கிருஷ்ணகிரி வட்டாரம் இதற்குப் பேர்போனது. வட்டெழுத்தில் பொறித்தவை, பல்லவர், கங்கர், பாணர், நுளம்பர் பெயர் வருபவை, ஆநிரை மீட்டு இறந்தவனுக்கு எடுத்தவை, புலியோடு பொருதவனுக்கு எடுத்தவை என்று எத்தனையோ. தமிழ்நாடு தொல்லியல் துறை 1970களிலேயே தருமபுரிக் கல்வெட்டுகளை நூலாக வெளியிட்டிருக்கிறது. அந்த வரிசை எண் இருந்தால் உங்கள் பதிவில் ஒரு பத்தியாகச் சேருங்கள், இரண்டையும் சேர்த்துப் பார்க்க வழி கிடைக்கும். காலத்தைப் பதிவதில்தான் பல பட்டியல்கள் சறுக்குகின்றன. கல்லில் இருப்பது ஓர் அரசனின் ஆட்சியாண்டு. அதை ஒருவர் கணக்கிட்டுப் பொது ஆண்டு என்று எழுதுகிறார். பத்தியில் அந்த ஆண்டு மட்டும் இருந்தால் அது கல் சொன்னதா, ஆய்வாளர் சொன்னதா என்று பிறகு தெரியாது. கல்லில் உள்ளபடி ஒரு பத்தி, கணிப்பு ஒரு பத்தி, கணித்தவர் யார் என்று ஒரு பத்தி வையுங்கள். சக ஆண்டு இருந்தால் 78 கூட்டிப் பொது ஆண்டு வரும், அது எளிது. பிரபவ முதலான அறுபது ஆண்டுப் பெயர் மட்டும் இருந்தால் அதை வைத்து ஒரே ஆண்டைச் சொல்ல முடியாது, கட்டாயப்படுத்தி ஓர் எண்ணைப் போடாதீர்கள்.

இருப்பிடம் இன்னொரு பெரிய விஷயம். பழைய களப்பதிவுகளில் இந்திய நில அளவைத் துறையின் வரைபடத் தாளிலிருந்து அட்சரேகை, தீர்க்கரேகை எடுத்திருப்பார்கள். தருமபுரிக்கும் கிருஷ்ணகிரிக்கும் தாள் எண் 57 எல், ஓசூர்ப் பக்கத்துக்கு 57 ஹெச். அந்தப் பழைய தாள்கள் எவரெஸ்ட் என்ற புவி அளவை அடிப்படையில் வரைந்தவை, கைபேசி ஜிபிஎஸ் காட்டுவது டபிள்யூஜிஎஸ்-84 என்ற வேறோர் அடிப்படையில். மாற்றாமல் கூகுள் மேப்பில் போட்டால் கல் பக்கத்துக் கொல்லையில் நிற்பது போலக் காட்டும். எந்த அடிப்படை என்று ஒரு பத்தியில் எழுதியே ஆக வேண்டும். ஆனால், துல்லியமான இருப்பிடத்தை எல்லோருக்கும் காட்டாதீர்கள். வயல் வரப்பிலும் ஏரிக்கரையிலும் காவல் இல்லாமல் நிற்கும் கற்கள் இவை. அடியில் புதையல் இருக்கும் என்று நம்பி நடுகல்லைப் பெயர்த்துப் போடுகிறவர்கள் உண்டு. அருங்காட்சியகத்துக்கு வந்துவிட்ட கல்லுக்குத் துல்லியம் தரலாம். வெளியில் நிற்பதற்கு ஊர்ப்பெயரோடு நிறுத்திக்கொண்டு, முழு விவரத்தை நூலகத்தில் வைத்து, எழுதிக் கேட்கும் ஆய்வாளருக்குத் தாருங்கள். அரிய மூலிகை, ஆர்க்கிட் போன்றவை இருக்கும் உலர்தாவரப் பட்டியலுக்கும் இதே விதி.

உலர்தாவரத் தொகுப்பில் பெயர் மாறிக்கொண்டே இருக்கும். கருவேலத்தைத் தாளில் அக்கேசியா நிலோட்டிகா என்று எழுதியிருப்பார்கள், இன்றைய வகைப்பாட்டில் அது வசெல்லியா நிலோட்டிகா. தாளில் உள்ள பெயரை மாற்றாதீர்கள், இன்றைய பெயரைப் பக்கத்தில் சேருங்கள், யார் எப்போது சேர்த்தார் என்றும் எழுதுங்கள். பத்திகளுக்கு உயிரினப் பதிவுகளுக்கான டார்வின் கோர் என்ற உலகத் தரத்தின் பெயர்களையே வைத்துவிட்டால் பின்னால் ஜிபிஐஎஃப் (GBIF) போன்ற உலகத் தொகுப்புக்கு அனுப்பத் திரும்ப உழைக்க வேண்டாம்.

வேதியியல் துறையின் நீர்ப்பரிசோதனைதான் நான்கிலும் பொதுமக்கள் உண்மையில் தேடி வரப்போவது. தருமபுரி மாவட்டத்தில் நிலத்தடி நீரில் ஃப்ளோரைடு எவ்வளவு பெரிய துன்பம் என்று நம் ஊர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, பல்லில் கறையும் எலும்பில் வலியுமாக அனுபவித்தவர்கள். இந்தியக் குடிநீர்த் தரத்தின்படி லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரை ஏற்கலாம், வேறு நீர் ஆதாரமே இல்லாத இடத்தில் 1.5 வரை. ஒரு தாய் தன் ஊர்ப் பெயரைத் தட்டி 0.8 என்று பார்த்தால் என்ன நினைப்பார்? "நம்ம தண்ணி நல்ல தண்ணி" என்று. அந்த 0.8 இருபது வருடத்துக்கு முன் ஒரு மழைக்காலத்தில், வேறொரு தெருக் கிணற்றில் எடுத்ததாக இருக்கலாம். ஆகவே மாதிரி எடுத்த மாதமும் வருடமும் அளவின் பக்கத்திலேயே, அதே பெரிய எழுத்தில் இருக்க வேண்டும். "இது அன்றைய நிலை, இன்றைய நீரைச் சோதிக்கத் தண்ணீரைப் பரிசோதனைக்குக் கொடுங்கள்" என்று ஒவ்வொரு பக்கத்திலும் ஒரு வரி வேண்டும். கிணற்றின் ஆழம், நிறமானியில் அளந்ததா அயனி மின்முனையில் அளந்ததா என்ற விவரம் எல்லாம் ஆய்வாளருக்கு வேண்டும். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013இல் பயன்பாட்டுக்கு வந்தது. அதற்கு முன் மக்கள் எந்தத் தண்ணீரைக் குடித்தார்கள் என்பதற்கு இந்தத் தரவு ஒரு சாட்சி, அதனால் பழையது என்று ஒதுக்க வேண்டாம். காலியான கட்டத்தையும், பூஜ்யத்தையும், கருவிக்கு எட்டாத அளவையும் மூன்றாகப் பிரித்துக் காட்டுங்கள். கிணற்று உரிமையாளர் பெயர், கைபேசி எண் இருந்தால் வெளியீட்டுப் பிரதியிலிருந்து எடுத்துவிடுங்கள். 2023ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. சட்டம் இல்லாவிட்டாலும், தன் கிணற்றில் மாதிரி எடுக்க விட்டவரின் பெயரை ஊருக்கே காட்டுவது முறை இல்லை.

நாட்டுப்புறப் பாடலுக்கு ஒரே ஒரு விஷயம் சொல்கிறேன். பாடியவர்களிடம் அன்றைக்கு வாங்கிய சம்மதம் பேராசிரியரின் ஆய்வுக்கு, இணையத்துக்கு இல்லை. உயிரோடு இருப்பவர்களிடம் திரும்பக் கேளுங்கள். பெயர் வரட்டும் என்பார்களா, வேண்டாம் என்பார்களா என்பது அவர்கள் முடிவு. ஒப்பாரிப் பாட்டைப் பொதுவில் போட வேண்டாம் என்று குடும்பத்தார் சொன்னால் அதற்குக் கட்டுப்படுங்கள். அட்டவணை மட்டும் இணையத்தில் இருக்கட்டும், ஒலியை நூலகத்துக்குள் வந்து கேட்கலாம்.

இத்தனையும் முடிந்த பிறகு மென்பொருள். இப்போது கேள்வி சிறுத்துவிட்டது பாருங்கள். சில ஆயிரம் வரிகள் கொண்ட நான்கு சிஎஸ்வி கோப்பு, இரண்டு இரண்டு பக்க விளக்கக் குறிப்பு. என் யோசனை: ஒவ்வொரு பதிவுக்கும் ஒரு தனி வலைப்பக்கம், நிலையான ஹெச்டிஎம்எல் பக்கமாக. சிஎஸ்வியைப் படித்து ஆயிரம் பக்கத்தை எழுதித் தரும் சின்ன நிரல் ஒன்று போதும், இதை உங்கள் எம்.சி.ஏ. மாணவர் ஒருவர் ஒரு வாரத்தில் எழுதிவிடுவார். அந்த நிரல் நாளைக்கு ஓடாவிட்டாலும் எழுதிய பக்கங்கள் அப்படியே இருக்கும். சர்வரில் தரவுத்தளமே இல்லாததால் உடைக்கவும் ஒன்றுமில்லை. சாதாரண வலைத்தள இடத்திலேயே நடக்கும். தேடல் பெட்டி வேண்டுமென்றால் இந்தச் சின்ன அளவுக்கு உலாவிக்குள்ளேயே தேட வைத்துவிடலாம்.

தனிப்பக்கம் ஏன் என்றால், தேடல் பெட்டிக்குப் பின்னால் ஒளிந்திருக்கும் தரவு கூகுளுக்குத் தெரியாது. கூகுள் பொதுவாகத் தேடல் பெட்டியை நிரப்பித் தேடிப் பார்க்காது, இணைப்பைப் பின்தொடர்ந்துதான் வரும். நம் மக்கள் உங்கள் நூலகத் தளத்துக்கு வந்து தேட மாட்டார்கள். கைபேசியில் ஊர்ப் பெயரையும் "நடுகல்" என்பதையும் தட்டுவார்கள். பக்கத்தின் தலைப்பே "இந்த ஊர் நடுகல், இந்த வட்டம்" என்று தமிழில் இருந்தால் அது அவர்கள் கண்ணில் படும். அந்த ஊர்க்காரர் ஒருவர் பார்த்துவிட்டு "எங்க ஊர்ல இன்னொரு கல்லும் இருக்கு" என்று எழுதுவார், அதற்காகவே ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் நூலகத்தின் மின்னஞ்சல் வேண்டும்.

பக்க முகவரியை யோசித்து வையுங்கள். நிரலின் பெயரோ, கேள்விக்குறியோ, துறைத்தலைவர் பெயரோ அதில் வரக்கூடாது. தரவுத்தளத்தின் குறும்பெயரும் பதிவு எண்ணும் போதும். புத்தகத்துக்குச் சேர்க்கை எண் போடுகிற நமக்கு இந்த ஒழுங்கு புதிதில்லை. ஒருமுறை கொடுத்த எண்ணை இன்னொன்றுக்குக் கொடுக்கக் கூடாது, நீக்கிய பதிவுக்கும் "நீக்கப்பட்டது, காரணம் இது" என்ற பக்கம் இருக்க வேண்டும்.

படங்கள் நிறைய இருந்து கண்காட்சி போலக் காட்ட விரும்பினால் ஒமேக்கா (Omeka) என்ற மென்பொருளைப் பார்க்கலாம், நன்றாக இருக்கும், ஆனால் அதற்குப் பராமரிப்பு வேண்டும். வேதியியல் துறை மாணவர்கள் தாங்களே வடிகட்டி, கூட்டி, கழித்துப் பார்க்க வேண்டுமென்றால் எஸ்க்யூலைட் என்ற ஒற்றைக் கோப்புத் தரவுத்தளமாக்கி டேட்டாசெட் (Datasette) என்ற கருவியில் வைக்கலாம். பல்கலைக்கழகத்தில் டிஸ்பேஸ் என்ற மின்னாவணக் களஞ்சியம் இருந்தால் சிஎஸ்வி, விளக்கக் குறிப்பு, அசல் கோப்பு, பதிவேட்டின் ஸ்கேன் நான்கையும் ஒரே உருப்படியாக அங்கே சேருங்கள், ஆனால் ஒவ்வொரு பதிவையும் தனித்தனியாக ஏற்ற டிஸ்பேஸை இழுக்காதீர்கள். நூலக மென்பொருளான கோஹாவின் பட்டியலில் ஒவ்வொரு தரவுத்தளத்துக்கும் ஒரு நூற்பதிவு போட்டு, இணைய முகவரிக்கென்று உள்ள மார்க் 856 புலத்தில் முகவரியைக் கொடுங்கள். நூலகத்தில் "நடுகல்" என்று தேடும் மாணவருக்குப் புத்தகங்களோடு இதுவும் வரும். களஞ்சியம் இல்லாத மையம் என்றால் ஐரோப்பாவின் அணு ஆய்வு நிறுவனமான செர்ன் நடத்தும் செனோடோ களஞ்சியத்தில் இலவசமாகச் சேர்க்கலாம். டிஓஐ என்ற நிலையான அடையாள எண் கிடைக்கும், திருத்திய பதிப்புக்கு அடுத்த எண் கிடைக்கும். பேராசிரியருக்கு அது தன் பெயரில் மேற்கோள் காட்டத்தக்க வெளியீடு. தயங்கும் ஆசிரியரைச் சம்மதிக்க வைப்பதில் எந்தச் சுற்றறிக்கையையும்விட இது பலன் தரும் என்பது என் அனுபவம்.

தயக்கம் நிச்சயம் இருக்கும், அதை மதியுங்கள். பத்து வருடம் வெயிலில் அலைந்து சேர்த்ததை இன்னொருவர் எடுத்து ஆய்வேட்டில் போட்டுக்கொள்வாரோ என்ற பயம் நியாயமானது. ஒரு பக்க ஒப்பந்தம் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். உள்ளடக்கத்துக்குத் துறை பொறுப்பு, காப்பதற்கும் காட்டுவதற்கும் நூலகம் பொறுப்பு. பெயர் சொல்லி யாரும் பயன்படுத்தலாம் என்ற சிசி பை உரிமம். இன்னும் ஆய்வில் இருக்கும் பகுதியை எத்தனை வருடம் மூடி வைப்பது என்று ஒரு தேதி. திருத்தம் வந்தால் துறையில் யார் பார்ப்பார், அவர் மாறினால் அடுத்து யார். நபரின் பெயரோடு பதவியையும் எழுதுங்கள். துறை மூடப்பட்டாலோ மையம் வேறு பல்கலைக்கழகத்தோடு சேர்ந்தாலோ தரவு எங்கே போகும் என்பதையும் அதில் எழுதிவிடுங்கள். நம் வட்டாரக் கல்லூரிகளின் இணைப்பு எத்தனை முறை மாறியிருக்கிறது என்று உங்களுக்கே தெரியும்.

ஏற்றுவதற்கு முன் ஒவ்வொரு தரவுத்தளத்திலும் கண்ணை மூடிக்கொண்டு இருபது பதிவை எடுத்து, காகிதப் பதிவேட்டோடு எழுத்துக்கு எழுத்து ஒப்பிடுங்கள். இரண்டு மூன்றில் ஒரே மாதிரிப் பிழை இருந்தால் அது மாற்றத்தில் வந்த பிழை, எல்லாவற்றையும் திரும்ப ஓட்டுங்கள். அங்கொன்று இங்கொன்று என்றால் தட்டச்சுப் பிழை, திருத்திவிட்டு மேலே போங்கள்.

நகல் மூன்று இடத்தில் இருக்கட்டும். வலைத்தளத்தில் ஒன்று, நூலகக் கணினியில் ஒன்று, கட்டடத்துக்கு வெளியே ஒன்று. வருடா வருடம் ஜூனில், கல்லூரி திறந்து கூட்டம் சேரும் முன், ஒரு நாள் ஒதுக்கி வெளியே உள்ள நகலிலிருந்து கோப்புகளை எடுத்துத் திறந்து பாருங்கள், துறைக்கு ஆள் அனுப்பி ஒப்பந்தத்தில் உள்ள பொறுப்பாளர் இன்னும் அங்கே இருக்கிறாரா என்று கேளுங்கள், அந்த வருடம் வந்த திருத்தங்களைச் சேர்த்துப் பக்கங்களைப் புதிதாக எழுத வையுங்கள். ஒரு வருடத்துக்கு ஒரு தரவுத்தளம் என்று வைத்துக்கொண்டால்கூட நான்கு வருடத்தில் நான்கும் வெளியே வந்துவிடும். வேதியியல் துறைக்காரர் முதலில் ஓய்வு பெறுகிறவராக இருந்தால், ஃபாக்ஸ்ப்ரோ இருக்கும் அந்தக் கணினியை யாரும் கழிவுப் பட்டியலில் சேர்க்காமல் இந்த வாரமே பார்த்துக்கொள்ளுங்கள்.